ஆர்பிஜியிலிருந்து நேராக வெப் சர்வீஸை அழைக்க முடியுமா?

2 மார்ச் 2022: வந்த கேள்வி

"எங்கள் கம்பெனியில் ஐபிஎம்மின் பிசினஸ் கம்ப்யூட்டரான ஏஎஸ்/400. இப்போதைய பெயர் ஐபிஎம் ஐ, வெர்ஷன் 7.3. இன்வாய்ஸ் புரோகிராம் முழுக்க ஆர்பிஜி என்ற பழைய புரோகிராமிங் மொழியில். 20 கோடிக்கு மேல் விற்பனை உள்ளவர்களும் ஏப்ரல் 1 முதல் இ-இன்வாய்ஸ் போட வேண்டும், அதாவது இன்வாய்ஸை அரசு போர்ட்டலில் பதிவு செய்ய வேண்டும் என்று போன வாரம் அறிவிப்பு வந்துவிட்டது. ஆர்பிஜியால் வெப் சர்வீஸை (இணையம் வழியாக வேறொரு சர்வரின் சேவையை) அழைக்க முடியாது, நடுவில் ஒரு விண்டோஸ் சர்வர் வைத்து டாட்நெட்டில் புரோகிராம் எழுதி, இரண்டுக்கும் இடையே ஃபைல் போய் வர வேண்டும் என்கிறார்கள். உண்மையா?"

2 மார்ச், இரவு

உண்மை இல்லை. நேராக அழைக்கலாம். நாங்கள் கிட்டத்தட்ட ஒரு வருஷமாக அழைத்துக்கொண்டிருக்கிறோம். 50 கோடி வரம்பு 2021 ஏப்ரல் 1-ல் வந்தபோதே எங்கள் முறை வந்துவிட்டது. பைப் பிட்டிங், வால்வு விற்கும் கடை, கோவையில் கிடங்கு. எங்களுக்கும் இதே யோசனையைத்தான் சொன்னார்கள், நடுவில் ஒரு பெட்டி வை என்று.

நான் ஏன் மறுத்தேன் என்றால், எங்கள் இன்வாய்ஸ் புரோகிராம் விற்பனை வரி காலத்தில் எழுதியது. 2007-ல் தமிழ்நாட்டில் வாட் வந்தபோது அதே புரோகிராமைத் திருத்தினோம். 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்தபோதும் அதையே திருத்தினோம். எந்தப் பார்ட்டிக்கு எந்த வரி, எந்தச் சரக்குக்கு என்ன தள்ளுபடி, எதை எப்போது ரத்து செய்யலாம் என்பதெல்லாம் அதற்குள் இருக்கிறது. நடுவில் பெட்டி வைத்தால் இந்த அறிவில் பாதியை அங்கேயும் எழுத வேண்டும். ஒரு இன்வாய்ஸ் போய்ச் சேர்ந்ததா இல்லையா என்ற கேள்விக்கு இரண்டு இடத்தில் இரண்டு பதில் இருக்கும். எனக்கு அதுதான் பயம்.

3 மார்ச்

எதை வைத்து அழைப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். மூன்று வழி எனக்குப் பழக்கம்.

ஒன்று, ஸ்காட் கிளெமென்ட் எழுதிய எச்டிடிபிஏபிஐ. இலவசம், ஆர்பிஜியிலேயே எழுதியது, மூலநிரல் கையில் கிடைக்கும். நாங்கள் 2021-ல் இதைத்தான் போட்டோம்.

இரண்டு, சிஸ்டூல்ஸ் லைப்ரரியில் உள்ள எஸ்கியூஎல் எச்டிடிபி ஃபங்ஷன்கள். இவை உள்ளே ஜாவாவில் ஓடுகின்றன. ஒவ்வொரு ஜாபிலும் (மெஷினில் தனியாக ஓடும் ஒவ்வொரு வேலையிலும்) முதல் அழைப்புக்கு ஜாவா எழுந்து வர நேரமாகும். சின்ன மெஷினில் அந்தத் தாமதம் கண்ணுக்கே தெரியும்.

மூன்று, கியூசிஸ்2 என்ற லைப்ரரியில் 2021 கடைசியில் வந்த புதிய எச்டிடிபி ஃபங்ஷன்கள். ஜாவா கிடையாது. 7.4-க்கு டிஆர்5, 7.3-க்கு டிஆர்11 என்ற ஐபிஎம் அப்டேட் தொகுப்பைப் போட்டிருக்க வேண்டும். உங்களிடம் 7.3 இருப்பதால் பிடிஎஃப் (ஐபிஎம் தரும் திருத்தம்) போட்டாலே கிடைத்துவிடும். ஆர்பிஜிக்குள் எம்பெடட் எஸ்கியூஎல்லில் ஒரே வரியில் போஸ்ட் செய்து, ஜேசன் என்ற எழுத்து வடிவத்தில் வரும் பதிலை ஜேசன் டேபிள் ஃபங்ஷனால் பிரித்து நேராக ஃபீல்டுகளில் வாங்கிக்கொள்ளலாம்.

இன்றைக்குப் புதிதாகத் தொடங்குகிறவர் மூன்றாவதையே எடுக்கலாம்.

3 மார்ச், பிறகு

எழுதியபின் தோன்றியது: "ஒரே வரி" என்று சொன்னது உங்களைத் தப்பாக நினைக்க வைக்கும். அழைப்பு ஒரு வரிதான். எங்களுக்கு நாள் போனது அதற்கு முன்னாலும் பின்னாலும். நாளை விரிவாக எழுதுகிறேன்.

5 மார்ச்

முதல் சிக்கல் எழுத்துக் குறியீடு, அதாவது எந்த எழுத்துக்கு எந்த எண் என்பது. இந்த மெஷின் எப்சிடிக். வெளியுலகம் ஆஸ்கி, யூடிஎஃப்-8. ஆங்கிலப் பெரிய ஏ-வுக்கு இங்கே 193, அங்கே 65. எண்கள் இங்கே 240 முதல் 249 வரை, அங்கே 48 முதல் 57 வரை. வெற்றிடம் இங்கே 64. அந்த 64-ஐ மாற்றாமல் அனுப்பிவிட்டால் அந்தப் பக்கம் அது @ என்று படிக்கும். எங்கள் முதல் சோதனையில், இன்வாய்ஸை வாங்கி அரசு போர்ட்டலுக்கு அனுப்பும் இடைநிலை சர்வர்காரர் அனுப்பிய லாகைத் (பதிவைத்) திறந்தால் வரிசை வரிசையாக @@@@@@@@@@. கஸ்டமர் பெயர் ஃபீல்டு 40 எழுத்து, பெயர் 12 எழுத்து, மீதி எல்லாம் @. அதைப் பார்த்த உடனேயே புரிந்துவிட்டது, மாற்றமே நடக்கவில்லை என்று.

இதைவிட மோசமானது பாதி மாறுவது. ஜேசனுக்கு [ ] இல்லாமல் முடியாது. எந்தக் குறியீடு என்று சொல்லும் எண்தான் சிசிஎஸ்ஐடி, எப்சிடிக்கிலேயே பல உண்டு. சிசிஎஸ்ஐடி 37-ல் [ குறிக்கு 186. 1047-ல் அதே குறிக்கு 173. 500-ல் 74. எழுத்தும் எண்ணும் மூன்றிலும் ஒன்றுதான், அதனால் மேலோட்டமாகப் பார்த்தால் எல்லாம் சரியாக இருக்கும். அடைப்புக்குறி மட்டும் வேறு எதுவாகவோ போய்ச் சேரும். பதில் "ஜேசன் தவறு" என்று வரும். திரையில் பார்த்தால் எந்தத் தவறும் தெரியாது. ஃபைலை ஹெக்ஸில் திறந்து பார்க்கும் பழக்கம் இல்லாமல் இந்த வேலையில் இறங்காதீர்கள்.

உங்கள் ஜாபின் சிசிஎஸ்ஐடி என்ன? அநேகமாக 65535. சிஸ்டம் வேல்யூ அப்படித்தான் வரும், பலர் அதை மாற்றியதே இல்லை. அதன் அர்த்தம் "எதையும் மாற்றாதே". ஜேசன் ஃபங்ஷன்கள் அதை ஏற்காது, எஸ்கியூஎல்0332 என்ற எரரோடு நின்றுவிடும். சிஸ்டம் வேல்யூவில் கை வைக்க வேண்டாம், அது எங்கெங்கே போய் இடிக்கும் என்று சொல்ல முடியாது. அழைக்கும் ஜாபுக்கு மட்டும் 37 என்று மாற்றிக்கொண்டால் போதும்.

6 மார்ச்

இரண்டாவது, எண்கள். இதற்கு நான் ஒரு முழு நாளைக் கொடுத்தேன்.

50 பைசா ரவுண்டிங். பேக்டு ஃபீல்டில் (தசம எண்ணை அப்படியே வைக்கும் ஃபீல்டில்) 0.50. அதை எழுத்தாக மாற்ற %சார் போட்டேன். வந்தது .50. முன்னால் சைபர் இல்லை. நம் கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான், ஜேசன் விதிப்படி .50 எண்ணே அல்ல. 100 இன்வாய்ஸ் ஒழுங்காகப் போகும், ரவுண்டிங் ஒரு ரூபாய்க்குள் விழுந்த இன்வாய்ஸ் மட்டும் திரும்பி வரும். எது ஏன் திரும்புகிறது என்று பிடிபடவே இல்லை. கழிக்கும் ரவுண்டிங்கானால் -.50. கடைசியில் ஒரு சின்ன புரொசீஜர் எழுதினேன்: புள்ளியில் தொடங்கினால் முன்னால் சைபர் சேர், கழித்தல் குறிக்கு அடுத்து புள்ளி வந்தால் நடுவில் சைபர் சேர். பத்து வரிகூட இல்லை. இன்றைக்கும் எங்கள் எல்லா அழைப்புகளும் அது வழியாகத்தான் போகின்றன.

அடுத்தது இன்வாய்ஸ் நம்பர். எங்களிடம் அது 7 இலக்க எண், அச்சில் 0004512 என்று வரும். இ-இன்வாய்ஸில் நம்பர் 16 எழுத்துக்குள் இருக்க வேண்டும், சைபரில் தொடங்கக் கூடாது. சைபர்களை வெட்டி அனுப்பலாம் என்றால், அச்சில் இருக்கும் நம்பரும் பதிவான நம்பரும் வேறாகிவிடும், ஆடிட்டர் ஒத்துக்கொள்ளமாட்டார். புது நிதியாண்டிலிருந்து முன்னால் கிளை எழுத்து சேர்த்தோம். இதை ஏப்ரல் 1-க்கு முன்னாலேயே முடிவு செய்யுங்கள், நடு வருஷத்தில் வரிசையை மாற்றுவது பெரிய தலைவலி.

தேதி: எங்கள் ஃபைலில் 1220306 என்ற மாதிரி ஏழு இலக்கம், முதல் 1 என்பது 2000-க்குப் பிந்தைய நூற்றாண்டு. அவர்களுக்கு 06/03/2022 வேண்டும். ஆர்பிஜியின் ஈயூஆர் ஃபார்மட் 06.03.2022 என்று புள்ளியோடு தரும். புள்ளியைச் சாய்கோடாக மாற்றி அனுப்ப வேண்டும். அவ்வளவுதான், ஆனால் தெரியாவிட்டால் அரை நாள்.

6 மார்ச், மாலை

ஒன்று விட்டுவிட்டேன், எங்கள் தொழிலுக்கே உரியது. சரக்கு விவரத்தில் அங்குலக் குறி. பால் வால்வு 1/2", எல்போ 2". ஜேசனைக் கையால் ஒட்டிச் செய்தால் இந்த " வந்த இடத்தில் வாக்கியம் முடிந்ததாக அது நினைத்துக்கொள்ளும். நான் முதலில் கையால்தான் ஒட்டினேன். எங்கள் ஐட்டம் மாஸ்டரில் பெரும்பாலான வரிகளில் அங்குலக் குறி இருக்கிறது. பிறகு ஜேசன் எழுத உதவும் யாஜில் லைப்ரரியின் ஆர்பிஜி வடிவத்துக்கு மாறினேன், அதுவே பார்த்து அந்தக் குறிக்கு முன்னால் பின்சாய்கோடு சேர்த்துவிடும். எஸ்கியூஎல்லின் ஜேசன் ஆப்ஜெக்ட் ஃபங்ஷனும் அதே வேலையைச் செய்யும். கையால் ஒட்டாதீர்கள்.

9 மார்ச்

"என்கிரிப்ஷன் உண்டாமே, அது ஆர்பிஜியில் எப்படி?" என்று கேட்டிருக்கிறீர்கள். அரசு போர்ட்டலை நேராக அழைத்தால் உண்டு. நீங்கள் ஒரு சாவி உண்டாக்கி, பாஸ்வேர்டோடு சேர்த்து அவர்களுடைய பொதுச் சாவியால் பூட்டி அனுப்ப வேண்டும். அவர்கள் ஒரு செஷன் சாவி தருவார்கள், ஒவ்வொரு இன்வாய்ஸையும் அதனால் ஏஇஎஸ் முறையில் பூட்ட வேண்டும். டோக்கன் 6 மணி நேரம் செல்லும். இந்த மெஷினில் கியூசி3 என்று தொடங்கும் கிரிப்டோ ஏபிஐகள் இருக்கின்றன, ஆர்பிஜியிலிருந்து அழைக்கலாம். செய்து பார்த்தேன், வேலை செய்தது. ஆனால் நாங்கள் ஓட்டுவது ஜிஎஸ்பி (ஜிஎஸ்டி சுவிதா புரொவைடர்) என்ற இடைநிலை நிறுவனம் வழியாக. அவர்களுக்குச் சாதாரண ஜேசன் போதும், பூட்டுவது அவர்கள் பாடு.

"அதுவும் நடுவில் ஒரு பெட்டிதானே" என்று நீங்கள் கேட்டால் நியாயம். யோசித்துவிட்டுத்தான் சொல்கிறேன்: அந்தப் பெட்டிக்கு எங்கள் வியாபாரம் தெரியாது. எந்த இன்வாய்ஸ், என்ன வரி, போனதா இல்லையா என்பதெல்லாம் எங்கள் மெஷினிலேயே இருக்கிறது. எனக்கு வேண்டியது அதுதான்.

10 மார்ச்

ஒரு இளைய நண்பர் ஆர்பிஜி எத்தனை வயது என்று கேட்டார். 1959, ஐபிஎம் 1401 காலம். ரிப்போர்ட் அடிக்கப் பிறந்த மொழி. கார்டுகளை வரிசையாகப் படித்துக் கூட்டி அச்சடித்த டேபுலேட்டிங் மெஷினின் ஓட்டத்தை அப்படியே எடுத்துக்கொண்டது, அதனால்தான் ஒவ்வொரு பதிவுக்கும் தானாகச் சுற்றும் அந்த 'சைக்கிள்', ஆம்-இல்லை என்று காட்டும் அந்த 01 முதல் 99 வரையிலான இண்டிகேட்டர்கள். ஆறாவது கட்டத்தில் என்ன எழுத்து என்று பார்த்துத்தான் அந்த வரி என்ன வகை என்றே தெரியும். நான் கற்றுக்கொண்டபோது கட்டம் எண்ணித்தான் எழுதினேன். ஏஎஸ்/400 1988-ல் வந்தது, நான்காம் தலைமுறை ஆர்பிஜி 1994-ல். கட்டக் கணக்கே இல்லாமல் முழுக்க ஃப்ரீ வடிவில் எழுதலாம் என்று ஆனது 2015-ல். இன்று கல்லூரி முடித்து வரும் பிள்ளை அந்த நிரலைப் பார்த்தால் ஒரு வாரத்தில் படித்துவிடும். பழைய மொழி என்று ஒதுக்குகிறவர்கள் பெரும்பாலும் 1980-களின் ஆர்பிஜியைத்தான் மனதில் வைத்துப் பேசுகிறார்கள்.

பேக்டு டெசிமல் இந்த மொழியின் உடம்பிலேயே இருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். ரூபாய், பைசா எங்குமே பின்னமாகச் சிதறாது. வரிக் கணக்குக்கு இதைவிட நம்பகமான ஒன்றை நான் பார்த்ததில்லை.

17 மார்ச்

சோதனை ஓடிவிட்டது என்று எழுதியிருக்கிறீர்கள், சந்தோஷம். ஐஆர்என் (இன்வாய்ஸுக்குப் போர்ட்டல் தரும் பதிவு எண்) வாங்கும் ஃபீல்டு 64 எழுத்து, அது சரி. ஆனால் அதோடு வரும், டிஜிட்டல் கையொப்பமிட்ட கியூஆர் கோடுக்கான எழுத்துச் சரத்தை 256 எழுத்து ஃபீல்டில் வாங்கியிருக்கிறீர்கள். அது அதைவிட மிக நீளம். ஆர்பிஜி எழுத்து ஃபீல்டில் இடம் போதாவிட்டால் ஒரு சத்தமும் இல்லாமல் வெட்டிவிடும், எரர் வராது. கியூஆர் அச்சாகும், ஸ்கேன் செய்தால் கையொப்பம் சரிபார்க்க முடியாது. நீளமான வார்சார் (நீளம் மாறக்கூடிய எழுத்து ஃபீல்டு) வைத்துக்கொள்ளுங்கள். வி6ஆர்1 வெர்ஷனிலிருந்து ஆர்பிஜி 16 எம்பி வரை தாங்கும்.

கியூஆர் வந்ததால் எங்களுக்குப் போன வருஷம் ஒரு இழப்பும் நேர்ந்தது. முன்பே அச்சடித்த மூன்று பிரதித் தாளில் ஓடிய டாட்மேட்ரிக்ஸை நிறுத்திவிட்டு லேசருக்குப் போனோம். டிஸ்பேட்ச் அறை அன்றைக்கு அமைதியாகிவிட்டது. அந்தச் சத்தம் கேட்டால்தான் வண்டி ரெடி என்று லோடுமேன்களுக்குத் தெரியும். இப்போது கூப்பிட்டுச் சொல்ல வேண்டியிருக்கிறது.

26 மார்ச்

ஒரு எச்சரிக்கை. எங்கள் இடைநிலை நிறுவனம் போன நவம்பரில் தன் சர்வரின் சர்டிஃபிகேட்டை வேறொரு அத்தாரிட்டியிடம் வாங்கிப் போட்டது. திங்கள் காலை எல்லா அழைப்பும் நின்றது: நம்பகமான அத்தாரிட்டி கையொப்பமிடவில்லை என்று மெசேஜ். இந்த மெஷினில் யாரை நம்புவது என்பதை டிசிஎம்-இல் (சர்டிஃபிகேட்டுகளை நிர்வகிக்கும் இடத்தில்) நாம்தான் சொல்லி வைக்க வேண்டும். உங்கள் லேப்டாப் பிரவுசரில் திறக்கிறதே என்பது எதையும் நிரூபிக்காது, அதன் பட்டியல் வேறு.

அவசரத்தில் ஒருவர் எஸ்எஸ்எல் சரிபார்ப்பையே தளர்த்தும் ஆப்ஷனைப் போட்டு ஓட்டிவிட்டார். வேலை நடந்தது. மதியம் நான் அதை எடுத்துவிட்டு, புதிய ரூட் சர்டிஃபிகேட்டை டிசிஎம்-இல் சேர்த்தேன். எதிரில் இருப்பவர் யார் என்று பார்க்காமல் கம்பெனியின் விற்பனைக் கணக்கை அனுப்பக் கூடாது. சோதனைக்குக்கூட அந்த ஆப்ஷனைப் போடாதீர்கள், போட்டால் எடுக்க மறந்துவிடும்.

29 மார்ச்

3-ம் தேதி ஒரு வரியில் முடிக்கலாம் என்ற தொனியில் எழுதியதைத் திருத்த வேண்டும். நீங்கள் இன்வாய்ஸ் திரையின் புரோகிராமிலேயே அழைப்பை வைத்திருப்பதாக நேற்று எழுதினீர்கள். நானும் அப்படித்தான் வைத்தேன், தப்பு.

நடந்தது இது. கிடங்கின் இணைப்பு தொங்கியது. என்டர் தட்டிய இன்வாய்ஸ் போடுகிறவரின் திரையில் கீழே எக்ஸ் குறி வந்து அப்படியே நின்றது, கீபோர்டு பூட்டு. அவர் காத்திருந்து பார்த்துவிட்டு டெர்மினலை அணைத்துவிட்டார். வெளியே லாரி. டிஸ்பேட்ச் பையன் எனக்குப் போன் போட்டான்: "அண்ணே, வண்டி நிக்குது, பில் வருமா வராதா சொல்லுங்க." எனக்கே தெரியவில்லை. அழைப்பு அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்திருந்தது, ஐஆர்என்னும் உண்டாகியிருந்தது. பதில்தான் வரவில்லை. ஜாப் முடிந்ததால் எங்கள் பக்கம் எல்லாம் ரோல்பேக், அதாவது எழுதியது அழிந்து பழையபடி ஆகிவிட்டது. அங்கே இன்வாய்ஸ் இருக்கிறது, இங்கே இல்லை.

நான் முதல் நாள் எழுதினேனே, இரண்டு இடத்தில் இரண்டு பதில் என்று பயந்ததாக. பெட்டி வைக்காமலேயே அது நடந்துவிட்டது.

இப்போது இப்படி இருக்கிறது: திரையின் புரோகிராம் இன்வாய்ஸை எழுதி கமிட் செய்துவிட்டு (உறுதியாக்கிவிட்டு), நம்பரை டேட்டா கியூ என்ற காத்திருப்பு வரிசையில் போட்டுவிட்டு உடனே விடுபட்டுவிடும். தனி சப்சிஸ்டத்தில், திரை இல்லாமல் பின்னணியில் ஓயாமல் ஓடும் ஒரு பேட்ச் ஜாப் கியூவிலிருந்து எடுத்து அழைக்கும். அழைக்கும் முன் 'அனுப்பினேன்' என்று லாகில் ஒரு வரி, பதில் வந்தவுடன் பதிலை முழுதாக இன்னொரு வரி. இந்த லாக் கமிட்மென்ட் கண்ட்ரோலுக்கு வெளியே இருக்க வேண்டும், எது ரோல்பேக் ஆனாலும் அது நிற்கும். இணைப்புக்கும் பதிலுக்கும் காத்திருக்கும் நேரத்தை நீங்களே குறித்துக் கொடுங்கள்.

29 மார்ச், இரவு

மறுபடி அனுப்பினால் என்ன ஆகும் என்று கேட்டீர்கள். எரர் 2150 வரும், இந்த இன்வாய்ஸுக்கு ஏற்கெனவே ஐஆர்என் உண்டு என்று. இதை எரராக எடுக்கக் கூடாது, நல்ல செய்தியாக எடுக்க வேண்டும். அதே பதிலுக்குள் பழைய ஐஆர்என்னும் ஒப்புகை நம்பரும் இருக்கும், எடுத்து எழுதிக்கொள்ளுங்கள். கியூஆர் அதில் இருக்காது. ஐஆர்என்னைக் கொடுத்து விவரம் கேட்கும் தனி அழைப்பு உண்டு, அதை உடனே செய்யுங்கள், நாளைக்கு என்று வைக்காதீர்கள்.

"சந்தேகமாக இருந்தால் கேன்சல் செய்துவிட்டு மறுபடி போடலாமே" என்று உங்கள் அக்கவுண்ட்ஸில் சொல்வார்கள். வேண்டாம். கேன்சல் 24 மணி நேரத்துக்குள்தான், கேன்சல் செய்தபின் அதே நம்பரில் மறுபடி போட முடியாது.

1 ஏப்ரல், மாலை

முதல் நாள் முடிந்து நீங்கள் எழுதிய இரண்டு வரியைப் பார்த்தேன்: எல்லாம் போனது, மூன்று மட்டும் திரும்பியது, மூன்றிலும் ரவுண்டிங் ஒரு ரூபாய்க்குள். அந்தச் சைபர் புரொசீஜரை வரி விலைக்கும் தள்ளுபடிக்கும் போட்டுவிட்டு ரவுண்டிங் ஃபீல்டுக்குப் போடாமல் விட்டிருப்பீர்கள். பாருங்கள்.

2 ஏப்ரல்

அதேதான் என்று பதில் வந்தது. மூன்றும் போய்விட்டன.

19 ஏப்ரல்

எங்களிடமும் இப்போது டிஆர்11. எச்டிடிபிஏபிஐயிலிருந்து கியூசிஸ்2 ஃபங்ஷனுக்கு மாற்றிப் பார்த்தேன். நிரல் பாதிக்கு மேல் குறைந்தது. ஆனால் தவறு நேரும்போது என்ன நடந்தது என்று பார்க்க எச்டிடிபிஏபிஐயின் டிபக் ஃபைல் மாதிரி எனக்கு வேறு எதுவும் கைகொடுக்கவில்லை: போன ஒவ்வொரு பைட்டும் வந்த ஒவ்வொரு பைட்டும் அதில் இருக்கும். புது ஃபங்ஷனில் வெர்போஸ் வடிவத்தைத்தான் எப்போதும் அழையுங்கள், ஹெட்டரும் ஸ்டேட்டஸும் கையில் வரும். சாதாரண வடிவத்தில் பதில் மட்டும்தான், பதில் வராதபோது ஏன் என்று தெரியாது.

3 மார்ச்சில் மூன்றாவதையே எடுங்கள் என்றேன். இப்போதும் அதையே சொல்கிறேன், எச்டிடிபிஏபிஐயையும் மெஷினில் போட்டு வைத்துக்கொள்ளுங்கள் என்று சேர்த்துக்கொண்டு.

22 செப்டம்பர் 2022

அக்டோபர் 1 முதல் இ-இன்வாய்ஸ் வரம்பு 10 கோடி. இன்னொருவர் கேட்டிருக்கிறார்: மெஷின் 7.2-லேயே நிற்கிறது, மேலே ஏற்ற முதலாளி சம்மதிக்கவில்லை, ஒரு வாரம்தான் இருக்கிறது என்று. 7.2-க்குப் புது ஃபங்ஷன்கள் வரவில்லை, அதற்கான சப்போர்ட் 2021 ஏப்ரலிலேயே முடிந்துவிட்டது. எச்டிடிபிஏபிஐ அதில் ஓடும், யாஜிலும் ஓடும். ஒரு வாரம் போதும், நான் மேலே எழுதியதைத் தேதி வரிசையில் படித்துக்கொண்டே வாருங்கள். 29 மார்ச்சை மட்டும் முதலில் படியுங்கள், அழைப்பைத் திரைக்குள் வைத்துவிடாதீர்கள்.

அதற்கு முன்னால் உங்கள் ஜாபின் சிசிஎஸ்ஐடி என்ன என்று பார்த்து இங்கே எழுதுங்கள்.